பெருங்குடல் புற்றுநோயால் குடல் அடைப்பு: அறுவை சிகிச்சையில் நடக்கும் தவறுகள்

வயிறு பானை போல் உப்பி, இரண்டு நாளாக மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை என்றால் அதை வெறும் மலச்சிக்கல் என்று விட்டுவிடக் கூடாது. மலச்சிக்கலில் காற்றாவது பிரியும். முதல் தவறு வீட்டிலேயே நடந்துவிடுகிறது: விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்ப்பது. குடல் வழியைப் புற்றுக்கட்டி அடைத்திருக்கும்போது பேதி மருந்து கொடுத்தால், மேலே தேங்கும் நீரும் அழுத்தமும்தான் கூடும்.

'வாந்தி இல்லையே, நாளைக்குப் பார்க்கலாம்' என்பது அடுத்த தவறு. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் ஒரு வால்வு உண்டு. அது இறுக மூடிக்கொள்பவர்களுக்கு வாந்தி தாமதமாகவே வரும். ஆனால் வால்வுக்கும் கட்டிக்கும் நடுவே பெருங்குடல் இரு முனையும் கட்டிய பையாகிவிடும். கட்டி இடப்பக்கம் இருந்தாலும் கிழியும் ஆபத்து அதிகம் இருப்பது வலது அடிவயிற்றில் உள்ள, பெருங்குடலின் தொடக்கப் பகுதியான சீக்கத்தில்தான். அகலம் கூடிய இடத்தில்தான் சுவரின் இழுவிசையும் கூடுதல். சிடி ஸ்கேனில் சீக்கத்தின் அகலம் 9 செ.மீ.யைத் தாண்டினாலே எச்சரிக்கை. 12 செ.மீ.யை நெருங்கினாலோ, அந்த இடத்தைத் தொட்டாலே வலித்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

வெறும் எக்ஸ்ரேயை நம்பி அறுவை மேசைக்குப் போவதும் பிழை. கட்டியே இல்லாமல் குடல் அசைவு நின்று உப்பும் ஓகில்வி நோயும் எக்ஸ்ரேயில் இதே போலத்தான் தெரியும். சிடி எடுத்தால் அடைப்பு எங்கே, ஓட்டை உண்டா, கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என எல்லாம் ஒன்றாகத் தெரிந்துவிடும். அதற்கிடையே மூக்கு வழிக் குழாய், சலைன், பொட்டாசியம் குறைவைச் சரிசெய்தல் எல்லாம் நடக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி. சிறுநீராவது இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

இனி அறுவை. அடைப்பை நீக்குவது வேறு, கட்டியை நீக்குவது வேறு. இரண்டையும் ஒரே நாளில் முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் பல சிக்கல்கள் தொடங்குகின்றன.

வலப்பக்கக் கட்டி என்றால் பெரும்பாலும் குழப்பமில்லை: அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, சிறுகுடலை மீதிப் பெருங்குடலோடு இணைத்துவிடலாம். இடப்பக்கம்தான் தலைவலி. நோயாளி திடமாக இருந்து, குடல் சுவரும் நன்றாக இருந்தால் வெட்டி உடனே இணைக்கலாம். ரத்த அழுத்தம் தாழ்ந்து, வயிற்றுக்குள் மலம் கசிந்து, உடல் மெலிந்த ஒருவருக்கு அதே இணைப்பைப் போட்டால் தையல் கசிய வாய்ப்பு அதிகம். அங்கே 1921-இல் ஆன்றி ஹார்ட்மேன் விவரித்த முறையே புத்திசாலித்தனம்: கட்டியை எடுத்து, கீழ் முனையை மூடி, மேல் முனையை வயிற்றில் ஸ்டோமாவாக, அதாவது மலம் வெளியே ஒட்டிய பைக்குள் போகும் திறப்பாக வைப்பது. 'மூன்று மாதத்தில் திரும்ப இணைத்துவிடலாம்' என்று சத்தியம் செய்துவிடக் கூடாது. அந்த மறு இணைப்பும் பெரிய அறுவைதான். பலருக்கு அது நடப்பதே இல்லை. சீக்கம் கிழிந்திருந்தாலோ, மேலே இன்னொரு கட்டி இருந்தாலோ பெருங்குடலின் பெரும்பகுதியை எடுக்க நேரும். பிறகு தினம் பலமுறை மலம் போகும் என்பதை முன்பே சொல்ல வேண்டும்.

அடைத்த இடத்தில் வைத்து வழியைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் நல்ல வழி, எல்லோருக்கும் அல்ல. ஓட்டை விழுந்த குடலில் வைக்கவே கூடாது. ஆசனவாய்க்கு மிக அருகில் வைத்தால் வலியும், ஓயாமல் மலம் வருவது போன்ற உணர்வும் வாட்டும். ஸ்டென்டை விரிக்க பலூன் ஊதுவது குடலைக் கிழிக்கலாம். பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் ஊசி போடப்போகிறவருக்கும் ஓட்டை விழும் ஆபத்து கூடும். குணப்படுத்தும் அறுவைக்கு முன்னேற்பாடாக வைத்தால், சுமார் இரண்டு வாரத்தில் அறுவை முடிவது நல்லது.

மலக்குடல் புற்றுநோய் அடைத்திருந்தால் அவசரத்தில் கட்டியைத் தொடாமல், மேலே ஒரு ஸ்டோமா மட்டும் வைப்பதே பெரும்பாலும் சரி. கதிர்வீச்சும் கீமோவும் முடிந்தபின் முறையாக எடுக்கலாம்.

அவசரத்தில் எல்லோரும் மறப்பது ஸ்டோமாவின் இடம். படுத்த நிலையில் மட்டும் பார்த்துப் புள்ளி வைத்தால், உட்காரும்போது அது தொப்பை மடிப்புக்குள் போய்விடும். பை ஒட்டாது, கசியும், தோல் புண்ணாகும். உட்கார வைத்து, முடிந்தால் நிற்க வைத்தும் பார்த்து, வேட்டி முடிச்சு, புடவைக் கொசுவம், பெல்ட் விழும் கோட்டைத் தவிர்த்து மார்க்கரால் குறிக்க ஐந்து நிமிடம் போதும். பையின் துளையை ஸ்டோமாவைவிட 2-3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். சிவந்திருக்க வேண்டிய ஸ்டோமா கறுத்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் பயாப்சி அறிக்கையை மடித்து வைத்துவிடாதீர்கள். குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகளைப் பரிசோதித்தார்களா என்று அதில் பாருங்கள். இரண்டாம் கட்டப் புற்றுநோயாக இருந்தாலும், அடைப்போடு வந்ததே அதிக ஆபத்தின் அடையாளம். கீமோ பற்றி உடனே பேச வேண்டும். கட்டிக்கு மேலே இருந்த குடலை அப்போது யாரும் கேமராவால் பார்த்திருக்க முடியாது. அறுவை முடிந்த 3 முதல் 6 மாதத்துக்குள் முழுக் கொலோனோஸ்கோபிக்குத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.