கிணற்றுத் தண்ணீர் வெளிப்பக்கத்துக்கு மட்டும்: ஈவி (மின்சாரக் கார்) பற்றரியின் கூலிங் பராமரிப்பு

பொனற்றைத் திறக்க முன்னம் உங்கள் கார் எந்த வகை என்று பாருங்கள். முதல் இரண்டு தலைமுறை நிசான் லீஃபில் பற்றரிக்குக் கூலன்ற் (குளிராக்கும் திரவம்) ஓடுவதில்லை, முன்னால் தெரிகிற போத்தல் மோட்டருக்கும் இன்வேர்ட்டருக்கும் உரியது. பிவைடி அற்றோ 3 இல் பற்றரியைக் குளிராக்குவது ஏசி காஸ். எம்ஜி இசற்எஸ் ஈவி போன்றவற்றில்தான் பற்றரிக்குக் கூலன்ற் சுற்றுகிறது. கூடிய வேலையும் கூடிய பிழைவிடலும் இந்த மூன்றாவது வகையில்தான்.

மட்டத்தை விடியற்காலையில், கார் ஆறிக் கிடக்கும்போது பாருங்கள். போத்தல் இரண்டு மூன்று இருக்கலாம். எது பற்றரிக்கு என்று கைநூலில் படம் இருக்கும். போத்தலில் உள்ள மின் (MIN), மக்ஸ் (MAX) கோடுகளுக்கு நடுவில் நின்றால் மூடியைத் தொடத் தேவையில்லை. குறைந்திருந்தால் கைநூல் சொல்லும் அதே கூலன்றை, கலந்தே வருவதாக வாங்கி, மக்ஸ் கோட்டைத் தாண்டாமல் விடுங்கள். நிறம் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நீலத்தில் இரண்டு வகை வரும். இரண்டு கிழமையில் மறுபடி இறங்கினால் எங்கோ கசிகிறது, ஊற்றிக்கொண்டே இருப்பது மருந்தல்ல.

அவசரத்துக்கு ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் விடுவது பழைய பெற்றோல் கார்க் காலத்துப் பழக்கம். எங்கள் யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்தில் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிற அதே படிவு பற்றரியின் கூலிங் பிளேற்றிலும் பிடிக்கும், அங்கே பாதைகள் ஒடுக்கம். சில செல்கள் மட்டும் கூடச் சுட்டு, கார் சார்ஜ் வேகத்தைத் தானே குறைத்துவிடும். சில கார்களுக்கு மின்கடத்தல் குறைந்த கூலன்ற்தான் விதி. அதில் இந்தத் தண்ணீர் கலந்து பற்றரிக்குள் கசிந்தால் இன்சுலேஷன் (மின்காப்பு) பிழை காட்டி, கார் ஸ்ராட் ஆகாமலே நிற்கும்.

முழுக் கூலன்றையும் மாற்றுவதை வீட்டில் தொடாதீர்கள். ஸ்கானரால் பம்பை ஓடவிட்டுக் காற்றை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் போத்தல் நிறைந்திருக்கும், உள்ளே கொடகொடவென்று சத்தம் வரும், பற்றரி சுடும். உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் வயர்களில் கை வைக்கவே வேண்டாம்.

வெளிக்கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணீர் தாராளம், உவர்க் கிணறு மட்டும் ஆகாது. சோளகக் (தென்மேற்குக் காற்றுக்) காலத்துச் செம்மண் புழுதியும், கடலேரியைக் கடக்கும் பண்ணைப் பாலத்தால் ஓடும் கார்களுக்கு உப்பும், காரின் முன்னால் ஏசி காஸை ஆறவைக்கும் கொண்டென்சரின் தகடுகளுக்குள் அடைபடும். காரை நிற்பாட்டி, ஆறவிட்டு, சாதாரண ஹோஸால் நேராக அடியுங்கள். சேர்விஸ் ஸ்ரேஷன் பிறஷர் கன் கிட்டப் பிடித்தால் தகடு மடங்கி, காற்றுப் போகிற வழியே மூடிவிடும்.

அற்றோ 3 இல் ஏசி குளிர் குறைந்தால் அதைப் பற்றரியின் நோயாகவே எடுங்கள். காஸ் அடிக்கிறவரிடம் முதலிலேயே சொல்லவேண்டியது: மின் கொம்பிறசருக்குப் பிஓஈ ஒயில்தான். சாதாரண காருக்கு விடுகிற பிஏஜி ஒயில் போனால் உள்ளே இன்சுலேஷன் கெடும்.

அந்த லீஃபின் பற்றரிக்குக் கழுவவும் ஊற்றவும் ஒன்றுமில்லை, ஓட்டுகிறவரின் பொறுமைதான் கூலிங். ஏ9 வீதியால் பாஸ்ற் சார்ஜ் போட்டுப் போட்டு வந்து சேர்ந்தால், வெப்பக் கோடுகள் சிவப்புப் பக்கம் நிற்கும்போது திரும்பவும் பாஸ்ற் சார்ஜர் கொழுவாதீர்கள். வேப்பமர நிழலில் விட்டு, இரவு வீட்டுச் சார்ஜரில் ஏற்றுங்கள்.