கொமடோர் 64-க்கு எந்த டிரைவ் வாங்கலாம்?

1980-களின் ஹோம் கம்ப்யூட்டரான கொமடோர் 64 ஒன்று கைக்கு வந்துவிட்டது, ஆனால் 1541 பிளாப்பி டிரைவ் இல்லை. அதன் வேலையை எஸ்டி கார்டையோ யுஎஸ்பி டிரைவையோ வைத்தே முடிக்கும் கருவிகள் பல உண்டு. எதை வாங்குவது?

படி 1: முதலில் பவர் சப்ளை

கருவிக்குப் பணம் போடும் முன் இதைக் கவனியுங்கள். பழைய அடாப்டருக்குள் ரெகுலேட்டர் கெட்டுப்போனால், 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அதிகமாக வந்து மெமரி சிப்புகள் எரிந்துபோகும். இன்று மீட்டர் சரியாகக் காட்டினாலும் நாளைக்கு உத்தரவாதம் இல்லை. புதிதாகச் செய்த சப்ளை வாங்கிவிடுங்கள்.

படி 2: எதை ஓட்டப்போகிறீர்கள்?

1541 வெறும் டிரைவ் அல்ல. அதற்குள் 6502 பிராசஸரும் 2 கேபி மெமரியும் உண்டு; அதுவே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அது டேட்டா அனுப்பும் வேகம் ரொம்பக் குறைவு. அதனால் பல கேம்களும் டெமோக்களும் (கம்ப்யூட்டரின் திறமையைக் காட்டும் படம்-இசை புரோகிராம்கள்) தங்கள் சொந்தப் புரோகிராமை டிரைவுக்குள் அனுப்பி, அங்கேயே ஓடவைத்து வேகம் பிடிக்கும். அந்தப் புரோகிராமை ஓட்ட முடியுமா என்பதுதான் கருவிக்குக் கருவி மாறும்.

படி 3: தேர்வு

எஸ்டி2ஐஇசி மலிவு, சிறியது. ஒரே ஃபைலாக இருக்கும் கேம்களுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அதில் 6502 இல்லை. தனக்குத் தெரிந்த சில ஃபாஸ்ட்லோடர்களை (மேலே சொன்ன வேகம் பிடிக்கும் புரோகிராம்கள்) மட்டும் சமாளிக்கும், மற்றவை பாதியில் நின்றுவிடும்.

பை1541, ராஸ்பெர்ரி பை 3-இல் ஓடும். 1541-இன் பிராசஸரை அப்படியே நடித்துக் காட்டுவதால் டெமோக்களும் ஓடும். பை 3.3 வோல்ட், கொமடோர் 5 வோல்ட். இடையில் வோல்டேஜை மாற்றிக் கொடுக்கும் பலகை கட்டாயம், நேரடியாக ஒயர் கொடுக்காதீர்கள்.

அல்டிமேட் 2+ கம்ப்யூட்டரின் பின்னால் உள்ள கார்ட்ரிட்ஜ் போர்ட்டில் செருகுவது. டிரைவ், கார்ட்ரிட்ஜ், 16 எம்பி கூடுதல் மெமரி எல்லாம் அதிலேயே. விலைதான் அதிகம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது பை1541. டெமோ பக்கம் போகவே மாட்டேன் என்றால் எஸ்டி2ஐஇசி.

படி 4: இணைப்பு

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும். ஓடும்போது செருகினால், வெளிக்கருவிகளோடு பேசும் சிஐஏ சிப் போய்விடலாம். அப்புறம் ஆன் செய்து லோட்"$",8 என்று அடித்து ரிட்டர்ன் தட்டுங்கள். மேற்கோள் குறி ஷிஃப்ட்டும் 2-ம், டாலர் ஷிஃப்ட்டும் 4-ம். ரெடி என்று வந்ததும் லிஸ்ட் அடித்தால், கார்டில் இருப்பதெல்லாம் நீலத் திரையில் வரிசையாக வரும்.