குறையை டப்பாவில் விற்கும் சுவரொட்டி: செய்முறை

அழகு கிரீம் விளம்பரம், கிரீமுக்கு முன்னால் ஒரு குறையை நம் தலையில் கட்டிவிடுகிறது. முகம் வருவதற்கு முன்பே குறைப்பட்டியல் தயார். 1930களில் ஹாலிவுட்டின் ஒப்பனைக் கலைஞர் மேக்ஸ் ஃபாக்டர், முகத்தின் 'குறை'களை அளக்கத் தலையில் மாட்டும் உலோகக் கருவியையே செய்தார். இந்தச் சுவரொட்டி அந்தப் பட்டியலைத்தான் கேலி செய்ய வேண்டும். யாருடைய உடம்பையும் அல்ல. மாடலாக எந்த முகத்தை வைத்தாலும் சிரிப்பு அந்த முகத்தின் மேல் விழுந்துவிடும். அதனால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி.

தேவையானவை: ஏ3 அச்சு ஒன்று, 5 மி.மீ. ஃபோம் போர்டு, 2 மி.மீ. அக்ரிலிக் கண்ணாடி (120 × 160 மி.மீ.), இருபக்க டேப், காலி கிரீம் டப்பா.

டப்பாவின் சுவர் நேராக இருக்கட்டும். கீழே குறுகும் டப்பாவில் நேர்ப்பட்டை லேபிள் ஒரு பக்கம் ஏறி நிற்கும். விட்டம் 65 மி.மீ. என்றால் சுற்றளவு 204. ஒட்டுக்கு 6 சேர்த்து 210 மி.மீ. நீளம் வெட்டுங்கள். மேட் தாள் நல்லது, பளபளப்புத் தாளில் விளக்கொளி எழுத்தைத் தின்றுவிடும். லேபிளில்: "குறை. 50 கிராம். இருவேளை தடவவும். 7 நாளில் புதிய குறை தெரியும்." கணினியில் லேபிளை ஒட்டுவதைவிட நிஜ டப்பாவில் ஒட்டிப் படமெடுப்பதே மேல், வளைவும் நிழலும் தானாகவே சரியாக அமையும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். கிட்டப் போனால் மூடி புடைத்துத் தெரியும்.

கோப்பு 303 × 426 மி.மீ., 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 அச்சுப்புள்ளி). நான்கு பக்கமும் 3 மி.மீ. வெட்டில் போய்விடும். டப்பா வலது கீழ் மூலையில். தலைப்பின் எழுத்தளவு 72 பாயின்ட். தமிழுக்கு வரி இடைவெளி 140 சதவீதமாவது வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் மோதும். அச்சுக்கு அனுப்புமுன் 'கொ', 'கௌ' இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். சில மென்பொருள்களில் கொம்பு இடம் மாறிவிடும்.

கண்ணாடியைச் சுற்றி ஆறு அம்புகள்: குறை 1, குறை 2 என்று எண் மட்டும். 'மூக்கு', 'கன்னம்' என்று எழுதினால் எதிரே நிற்பவரை நாமே குத்திக்காட்டியதாகிவிடும். எண் மட்டும் இருந்தால், யார் வந்து நின்றாலும் அம்பு எங்கேயாவது பாயும்.

வெள்ளித்தாளைக் கண்ணாடியாக ஒட்டாதீர்கள். அது சுருங்கி முகத்தைக் கோணலாக்கும். பார்ப்பவர் தன் முகத்தைப் பார்த்தே சிரிப்பார், வேலை மொத்தமும் வீண். அக்ரிலிக்கும் ஓரத்தில் மட்டும் டேப் வைத்தால் வளையும். பின்புறம் முழுக்க ஒட்டுங்கள்.

கண்ணாடியின் நடு, தரையிலிருந்து 150 செ.மீ. சிறுவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் இன்னொரு பிரதியை 115 செ.மீ. உயரத்தில் மாட்டுங்கள். பிறகு, விஷயம் தெரியாத மூன்று பேரை நிறுத்திப் பாருங்கள். "இது எங்கே கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்டாலும் லேபிளில் 'குறை' என்ற சொல்லை இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள்.