எல்லையோரக் கள்ளுக்கடையில் ஒரு காதல் நகைச்சுவைக் கதை எழுதுவது எப்படி

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகவோ கோபாலபுரம் வழியாகவோ பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துக்குள் நுழைந்தால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே கறுப்புப் பலகையில் வெள்ளை மலையாள எழுத்தில் ‘கள்ளு’ என்று எழுதிய சிறிய கடைகளைக் காணலாம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் பேருந்தேறி அங்கே போய்வருவதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. உங்கள் கதைக்கு முதல் பிடி இதுதான். ஒருவர் தினமும் எல்லை தாண்டி வருவதற்கு ஊரே ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்று இருக்கிறது. அவருடைய உண்மையான காரணம் வேறாக இருக்கட்டும்.

மனைவியை இழந்த தேங்காய் வியாபாரி ஒருவரையும், கடையில் மீன் குழம்பும் மரவள்ளிக்கிழங்கும் சமைக்கும் பெண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வாங்கிய கள் மேசையிலேயே தொடாமல் கிடக்க, குழம்பு மட்டும் இரண்டாம் முறை வருகிறது. பக்கத்து மேசைக்காரர்கள் இதை முதலில் வயிற்றுக் கோளாறு என்று முடிவுகட்டி, ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்ல வேண்டும். நகைச்சுவை இப்படி அக்கறையிலிருந்து பிறக்க வேண்டும். குடித்தவர் தள்ளாடுவதைக் காட்டிச் சிரிக்க வைக்க முயலாதீர்கள். அது அந்த மனிதர்களைச் சிறுமைப்படுத்தும், கதையையும் நகர்த்தாது.

வாடிக்கையாளர்களில் கள் இறக்குபவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அங்கே அவரைச் செத்துக்காரர் என்பார்கள். பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவிக் கலயம் மாட்டுவதற்காகக் காலையும் மாலையும் மரமேறும் அவருக்கு, பேருந்து நிறுத்தமும் சமையல்காரப் பெண்ணின் வீட்டு வாசலும் மேலிருந்து ஒருசேரத் தெரியும். எனவே விஷயம் முதலில் அவருக்கே தெரியவரும். அதை அவர் யாரிடம், எந்த வேளையில் சொல்கிறார் என்பதில்தான் கதையின் வேகம் இருக்கிறது. கள்ளே உங்களுக்குக் கடிகாரமாகவும் உதவும்: காலையில் இறக்கியது இனிக்கும், மாலைக்குள் நொதித்துக் காட்டமாகும், மறுநாள் புளிக்கும்.

பேச்சில் மிகுந்த கவனம் தேவை. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் பல வீடுகளில் தமிழே பேசுகிறார்கள். அங்கே பிறந்தவர் ‘வெள்ளம்’ என்ற சொல்லைக் கேட்டுத் தண்ணீரா பெருக்கா என்று குழம்பமாட்டார். அந்தச் சிரிப்பு வெளியூர்க்காரருக்கு மட்டுமே பொருந்தும். வியாபாரிக்கும் சமையல்காரப் பெண்ணுக்கும் இடையே மரியாதைச் சொற்கள் மாறுவதைக் கவனியுங்கள்: “ஏனுங்க” என்று அழைத்துவந்தவர் ஒருநாள் வாய்தவறி “அம்மிணி” என்றதும் கடை முழுவதும் அமைதியாகிவிடுவது, பத்துப் பக்கக் காதல் வசனத்துக்குச் சமம்.

முடிவில் பெரிய ஊர்க்கூட்டமோ சண்டையோ வேண்டாம். ஒரு மாலையில் அவர் வழக்கம்போல் குழம்பு கேட்கட்டும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, “இங்க தீந்துபோச்சுங்க, வீட்டுல இருக்குது, வாறீங்களா?” என்று கேட்கட்டும். கைவைத்தியம் சொன்ன அத்தனை பேரும் நகர்ந்து அவருக்கு வழிவிடும்போது கதையை நிறுத்திவிடுங்கள்.