பழைய கம்ப்யூட்டர் விளம்பரத்தைப் பார்த்து முறையாகச் சிரிப்பது எப்படி

பழைய கம்ப்யூட்டர் விளம்பரத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வந்துவிடும். பத்து எம்பி ஹார்ட் டிஸ்க்குக்கு இந்த விலையா என்று ஒரு சிரிப்பு, பெரிய கிருதாவும் அகல டையுமாக ஒருவர் மானிட்டர் மேல் கை வைத்து நிற்பதைப் பார்த்து இன்னொரு சிரிப்பு, அதோடு கட்டைவிரல் அடுத்த படத்துக்குத் தள்ளிவிடும். அது வீண். ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சிரிக்கலாம், ஆனால் எதைக் கணக்குப் போடுவது, எந்த வரியில் நிற்பது என்று தெரிந்திருக்க வேண்டும். என் கட்சி இதுதான்: மெஷினைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அது தன்னால் முடிந்ததைச் செய்தது. காசு கொடுத்து வாங்கியவரைப் பார்த்தும் வேண்டாம். விளம்பரம் எழுதியவர் என்ன சத்தியம் செய்தார் என்று பாருங்கள், அதைப் பிடித்துக்கொண்டு விடாதீர்கள்.

சரக்கு எங்கே கிடைக்கும்

அமெரிக்கச் சரக்குக்கு அலைய வேண்டியதில்லை. 'பைட்' என்ற மாத இதழ் 1975 முதல் 1998 வரை வந்தது, இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் பழைய இதழ்கள் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. 1980களின் முதல் பாதியில் வந்த சில இதழ்கள் 500 பக்கத்தைத் தாண்டும், அதில் பெரும்பகுதி விளம்பரம்தான். கட்டுரைகளைத் தைரியமாகத் தாண்டிப் போங்கள்.

நம்மூர்ச் சரக்குதான் கஷ்டம், அதை யாரும் ஸ்கேன் செய்து வைக்கவில்லை. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ பழைய பேப்பர் கடைக்குப் போய் 'கம்ப்யூட்டர் புக் இருக்கா அண்ணே' என்று கேட்டால் போன வருஷத்து டேலி கைடை எடுத்துக் கொடுப்பார். அப்படிக் கேட்காதீர்கள். கல்லூரி ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், சங்கங்கள் போட்ட விழா மலர் இதெல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். 1992, 2004 மகாமகத்தை ஒட்டி வந்த மலர் ஏதாவது சிக்கினால் கடைசிப் பக்கங்களை முதலில் புரட்டுங்கள். பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, சீவல் கம்பெனி இவற்றுக்கு நடுவில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டர் கால் பக்கத்தில் 'விழா சிறக்க வாழ்த்துகிறோம்' என்று கைகூப்பி நிற்க வாய்ப்பு உண்டு. அப்புறம் வீட்டுப் பரண். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த அக்காவோ சித்தப்பாவோ இருந்தால், சர்டிபிகேட் வைத்திருக்கும் ஃபைலுக்குள்ளேயே அந்த சென்டரின் நோட்டீஸும் இருக்கும்.

எந்த வருஷம் என்று கண்டுபிடிப்பது

நோட்டீஸில் தேதி இருக்காது. 'சேர்க்கை நடைபெறுகிறது' என்று மட்டும் இருக்கும், என்றைக்கு நடைபெற்றது என்பது அச்சடித்தவருக்கே வெளிச்சம். முகவரியைப் பாருங்கள், நம் டெல்டாவை வெட்டி வெட்டி மாவட்டம் ஆக்கியதில் ஒரு நன்மை இது. திருவாரூர் முகவரிக்குக் கீழே தஞ்சாவூர் மாவட்டம் என்று இருந்தால் 1991-க்கு முந்தியது. 'நாகை காயிதே மில்லத் மாவட்டம்' என்று இருந்தால் 1991-க்கும் 1997-க்கும் நடுவில். திருவாரூர் மாவட்டம் என்று இருந்தால் 1997-க்குப் பிந்தியது. பழைய அச்சு பிளாக்கையே வைத்து இரண்டு வருஷம் ஓட்டுகிற பிரஸ்காரர்கள் உண்டு, அதனால் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள். மாயவரம் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். 1982-லேயே மயிலாடுதுறை ஆக்கிவிட்டார்கள், கேட்டால்தானே.

முகவரி கைகொடுக்காவிட்டால் பாடப் பட்டியல். வேர்ட்ஸ்டார், லோட்டஸ் 1-2-3, டிபேஸ் என்ற பழைய சாஃப்ட்வேர் மூன்றும் சேர்ந்து வந்தால் எண்பதுகளின் கடைசி அல்லது தொண்ணூறுகளின் தொடக்கம். விண்டோஸ் 95 வந்தது 1995 ஆகஸ்டில், ஜாவாவும் அதே வருஷம். ஒய்2கே (2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதியில் குழம்பும் என்ற பயம்) என்று பெரிய எழுத்தில் அலறினால் 2000 பிறப்பதற்கு முன்னால், ஆள் அவசரத்தில் இருக்கிறார்.

விலையை நெல்லாக மாற்றுங்கள்

இந்த வேலையை விட்டுவிட்டால் பாதி ருசி போய்விடும். 'அப்போ 3,398 டாலராம்' என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள், டாலர் என்றைக்குமே பெரிய தொகைதான். அந்த வருஷத்து டாலர் மதிப்பை ரூபாயாக்கி, ரூபாயை அந்த வருஷத்து நெல் விலையால் வகுங்கள். 1981-82-இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 115 ரூபாய். 60 கிலோ மூட்டை என்றால் 69 ரூபாய். டாலர் அப்போது ஒன்பது ரூபாய்க்குள்தான்.

இப்போது எக்ஸ்காம்ப் என்ற கம்பெனியின் விளம்பரத்தை எடுங்கள், எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது, 'நீங்கள் காத்திருந்த ஹார்ட் டிஸ்க்' என்ற தோரணையில் இருக்கும். 10 எம்பி, 3,398 டாலர். கணக்குப் போட்டால் நானூறு மூட்டைக்கு மேல் வருகிறது. ஒரு வேலி (ஏறக்குறைய ஆறரை ஏக்கர்) நிலம் உள்ளவர் ஒரு போகத்து நெல் மொத்தத்தையும் களத்திலிருந்து அப்படியே வண்டியேற்றினாலும் பத்தாது. கஸ்டம்ஸ் வரி தனி. அந்த டிஸ்க்கில் இன்றைக்கு ஃபோனில் எடுக்கிற போட்டோ மூன்று நான்கு நிற்கும், கல்யாண வீட்டில் அத்தை அனுப்புகிற வீடியோ நிற்காது. அதே விலையில் 64 ஜிபி மெமரி கார்டு ஒன்று என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன், இரண்டு கோடி டாலரைத் தாண்டியது, அதை நாம் சட்டைப் பையில் போட்டுத் துவைத்துவிடுகிறோம்.

விலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தையும் படிக்க வேண்டும். ஐபிஎம் 1981 ஆகஸ்டில் தன் முதல் பிசியை 1,565 டாலர் என்று அறிவித்தது, கிட்டத்தட்ட 200 மூட்டை. அந்த விலைக்கு 16 கிலோபைட் நினைவகம் வரும், கீபோர்டு வரும். மானிட்டர் வராது, ஃப்ளாப்பி டிரைவ் வராது. வீட்டு டிவியில் மாட்டிக்கொள், கேசட்டில் சேமித்துக்கொள் என்பதுதான் ஏற்பாடு. 'முதல்' என்று ஆரம்பிக்கிற விலை எந்தக் காலத்திலும் இப்படித்தான்.

பவுன் கணக்கு பிடிக்கும் வீடு என்றால் பவுனில் போடுங்கள். அந்த வருஷம் நகை வாங்கியவர் வீட்டில் இருப்பார், விலையைச் சேதாரத்தோடு சொல்வார்.

சத்தியத்தைப் பிடியுங்கள்

எனக்குப் பிடித்தது 1969-இல் ஹனிவெல் கம்பெனியின் 'கிச்சன் கம்ப்யூட்டர்'. நீமன் மார்கஸ் என்ற அமெரிக்கக் கடையின் கேட்டலாக்கில் வந்தது, விலை 10,600 டாலர், எடை 45 கிலோவுக்கு மேல். சமையல் குறிப்புகளைச் சேமித்து வைக்குமாம். அம்மணியின் சமையலும் இந்த மெஷின் கணக்குப் போடுகிற லட்சணத்தில் இருந்தால் தேவலை என்ற தொனியில் ஒரு வரி வேறு, அதை எழுதிய ஆசாமியை யாரும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். சரி, எப்படிப் பயன்படுத்துவது என்று பாருங்கள்: எழுத்து அடிக்க வழியில்லை, முன்பலகையில் உள்ள சுவிட்சுகளைப் பூஜ்யமும் ஒன்றுமாகத் தட்ட வேண்டும், பதில் விளக்காக எரியும். அதற்காக இரண்டு வாரப் பயிற்சி விலையிலேயே சேர்த்தி. வத்தக்குழம்புக்கு எவ்வளவு புளி என்று கேட்டுவிட்டு எந்த விளக்கு எரிகிறது, எது அணைகிறது என்று குறித்துக்கொண்டிருந்தால் அடுப்பில் குழம்பு என்ன ஆகும்? ஒன்றுகூட விற்றதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் 1980-இல் சிங்க்ளேர் இசட்எக்ஸ்80 வந்தது, நூறு பவுண்டுக்கு ஐந்து பென்ஸ் குறைவு, நினைவகம் ஒரே ஒரு கிலோபைட். செஸ் ஆடுவதிலிருந்து மின் நிலையத்தை ஓட்டுவது வரை எதையும் செய்யலாம் என்றது விளம்பரம். அந்த ஒரு கிலோபைட்டில் இந்தக் கட்டுரையின் முதல் பத்தியே அடங்காது.

இதெல்லாம் வீம்புச் சத்தியம், சிரித்துவிட்டுப் போகலாம். இன்னொரு வகை உண்டு, பயமுறுத்துகிற சத்தியம். கொமடோர் கம்பெனியின் ஒரு டிவி விளம்பரத்தில் மகனைக் கல்லூரிக்கு ரயிலேற்றி அனுப்புகிறார்கள். அடுத்த காட்சியில் பையன் தோற்றுப்போய்த் திரும்பி வந்து இறங்குகிறான். காரணம், வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கவில்லை. நம்மூர் நோட்டீஸ் எல்லாம் இந்த ஜாதிதான், ரயில் மட்டும் கிடையாது. 'இன்றே சேருங்கள், நாளை வேலை', 'நூறு சதவீத வேலைவாய்ப்பு உதவி' என்று இருக்கும். அந்த 'உதவி' என்ற சொல்லை மட்டும் பொடி எழுத்தில் போடுவார்கள், அதைத் தேடிப் பிடிப்பது தனி விளையாட்டு. குளிர்சாதன வசதி கொண்ட லேப் என்பது தவறாமல் வரும். செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் குளிரில் உட்கார வைத்தார்கள் என்றால் அது மாணவர்களுக்காக இல்லை, மெஷினுக்குத் தூசி ஆகாது என்றுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா, குறுவை உண்டா இல்லையா என்று கடைசி வரை தெரியாத வருஷங்களில், நிலத்தை நம்பி இனி ஆகாது, பெண்ணாவது பிள்ளையாவது ஒரு கோர்ஸ் முடிக்கட்டும் என்று ஃபீஸ் கட்டியவர்கள் இந்த நோட்டீஸை நம்பித்தான் கட்டினார்கள். சிலருக்குப் பலித்தது, ஃபாக்ஸ்ப்ரோ சாஃப்ட்வேரில் ஆரம்பித்து வெளிநாடு போனவர்களும் உண்டு. பலருக்கு டைப்பிங் ஸ்பீடு வந்தது. அதனால்தான் வாங்கியவரை விட்டுவிடுங்கள் என்றேன்.

படத்தில் நிற்பது யார்

ஐபிஎம் தன் பிசியை விற்கச் சாப்ளின் வேஷத்தில் ஒரு நடிகரைக் கொண்டு வந்தது, தொப்பி, கைத்தடி, மீசை எல்லாம் உண்டு. பெரிய கம்பெனி என்ற பயத்தைப் போக்கத்தான். 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் இயந்திரத்தின் பல்சக்கரத்தில் மாட்டித் தவித்த ஆளையே கூப்பிட்டு இயந்திரம் விற்க வைத்தது யார் யோசனை என்று தெரியவில்லை, பெரிய தைரியம். கொமடோர் விக்-20-க்கு விண்கலக் கேப்டனாக நடித்துப் புகழ்பெற்ற வில்லியம் ஷாட்னர், ரேடியோ ஷாக்கின் டிஆர்எஸ்-80-க்கு அறிவியல் கதை எழுதிய ஐசக் அசிமோவ். ஆப்பிள் இவர்கள் எல்லோரையும் விட மேலே போய் ஏதேன் தோட்டத்து ஆதாமையே நிற்க வைத்தது, கையில் ஆப்பிள் கம்ப்யூட்டர், மானம் காப்பதும் அதுவே. அதே ஆப்பிள் 1981-இல் ஐபிஎம்மை 'வருக, உண்மையாகவே சொல்கிறோம்' என்று பத்திரிகையில் முழுப் பக்கத்தில் வரவேற்றது. இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை, 1984 ஜனவரியில், ஐபிஎம்மை நினைவூட்டும் சர்வாதிகாரி முகத்தில் சுத்தியல் வீசும் டிவி விளம்பரத்தை ஒளிபரப்பியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், சம்பந்தி சண்டை போல இருக்கும்.

நம் பக்கத்துக்கு இப்படி ஆள் தேவைப்படவில்லை, கம்ப்யூட்டர் என்ற பெயரே போதுமாக இருந்தது. கம்ப்யூட்டர் ஜாதகம், கம்ப்யூட்டர் கண் பரிசோதனை, கம்ப்யூட்டர் எடை மேடை, இதெல்லாம் கூடப் பரவாயில்லை, உள்ளே ஏதோ ஒரு சர்க்யூட் இருந்தது. கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று ஒன்று விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். ஐபிஎம்மும் ஆப்பிளும் சேர்ந்து யோசித்தாலும் இந்த உயரம் எட்டாது. இந்த வகை அட்டைப்பெட்டி, லேபிள் எதுவானாலும் விடாமல் சேர்த்து வையுங்கள், தனி ஃபைலில்.

சேர்த்ததைக் காப்பாற்றுவது

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் தாளைத் தின்றுவிடும். லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் பழுப்புப் பட்டையாக நிற்கும். ஒவ்வொன்றையும் தனி வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்துத் தரையிலிருந்து உயரமான அலமாரியில் வையுங்கள். ஓலைச்சுவடிக்கு வைத்த வசம்புத் துண்டு பூச்சிக்கு இன்றும் உதவும், ஈரத்துக்கு உதவாது. ஸ்கேன் செய்தால் 300 டிபிஐக்குக் குறையாமல். அச்சுப் புள்ளிகள் அலை அலையாகத் தெரிந்தால் ஸ்கேனரில் டிஸ்கிரீன் வசதியைப் போடுங்கள். ஃபோனில் எடுப்பதாக இருந்தால் காலையில் திண்ணை வெளிச்சம், பிளாஷ் வேண்டாம். வெளியே பகிர்வதற்கு முன் தொலைபேசி எண்ணையும் உரிமையாளர் பெயரையும் மறைத்துவிடுங்கள், அவர் இப்போது மளிகைக் கடை வைத்து நிம்மதியாக இருக்கலாம்.

காட்டுவது என்றால் பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வந்திருக்கும் நேரம் பார்த்துக் காட்டுங்கள். விலையை விரலால் மறைத்துக்கொண்டு எத்தனை மூட்டை என்று கேளுங்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி தோற்பான், தாத்தா ஜெயிப்பார். பத்து விளம்பரத்துக்கு மேல் காட்டினால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள்.

இன்னொன்று, காலையில் பேப்பருக்குள் விழுகிற நோட்டீஸையும் இனிமேல் கொஞ்சம் பாருங்கள். ஏஐ வாஷிங் மெஷின், ஏஐ கோர்ஸ், ஏஐ ஜாதகம் எல்லாம் வர ஆரம்பித்துவிட்டன. ஒன்றிரண்டை எடுத்துப் பின்பக்கம் தேதியை எழுதி அதே ஃபைலில் போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மழைக்காலத்தில் மறுபக்கம் ஊறும்.