பட்டறையில வெக்கைய அளக்கறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

ஈரோட்டுல 40 டிகிரின்னு செல்லுல காட்டுதுங்க, அதைய வெச்சு சோமனூர்ல தகரக் கூரைக்கு அடியில தறி ஓட்டறவங்க படற பாட்டைக் கணக்குப் போடறதுதான் பெரிய தப்பு. அந்த 40 நிழல்ல, காத்துப் போற பெட்டிக்குள்ள எடுத்த காத்தோட சூடு மட்டுந்தான். கூரையில இருந்து இறங்கற அனல், ஈரப்பதம், காத்து வீசறது, செய்யற வேலை, போட்டிருக்கற துணி எதுவுமே அதுல வராது.

இதுக்குன்னே டபிள்யூபிஜிடின்னு, காத்துச் சூடு, ஈரப்பதம், அனல், காத்து வீசறது எல்லாத்தையும் சேத்துக் காட்டற ஒரு அளவு இருக்குதுங்க, 1950கள்ல அமெரிக்க மரைன் படைக்குப் பயிற்சி குடுக்கறப்ப ஆளுக வெயில்ல சுருண்டு விழுந்ததால கண்டுபிடிச்சது. கூரைக்குள்ளன்னா ஈரத்திரி போட்ட தெர்மாமீட்டர் காட்டறதுல 70 சதம், கருப்பு உருண்டைக்குள்ள இருக்கற தெர்மாமீட்டர் காட்டறதுல 30 சதம். ஈரத்திரி 27, உருண்டை 42ன்னு வெச்சுக்கங்க, 31.5 வரும். வெக்கைக்குப் பழகுன ஆளு நடுத்தர வேலை செய்யறதுக்கு ஐஎஸ்ஓங்கற உலகத் தர அமைப்பு சொல்ற வரம்பே 28 தான், பழகாதவங்களுக்கு 26. வடக்க இருந்து குளிர் காலம் முடிஞ்ச கையோட வந்து இறங்கற பசங்களுக்கு உடம்பு பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், ஆனா முதல் நாளே முழு ஷிப்ட் போட வெச்சர்றாங்க, எனக்கு மனசு ஆறாத விசயம் இதுதாங்க.

திரிக்கு நம்மூரு போர் தண்ணிய ஊத்தாதீங்க, உப்புப் படிஞ்சு ஈரம் சரியா ஆவியாகாம ரீடிங் கூடிரும், பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் போதும். உருண்டைய வெச்ச ஒடனே பாத்துட்டு எழுதக்கூடாது, பெரிய உருண்டைன்னா 20 நிமிசத்துக்கு மேல ஆகும் நிலைக்கு வர. ஆபீஸ் ரூம்புல வெக்காதீங்க, ஆளு நிக்கற எடத்துல வெக்கோணும்.

குளிருக்கும் ஒண்ணு. ஊட்டிக்கு பைக்குல போறப்ப காத்து சேந்தா குளிர் கூடத் தெரியும், அந்த விண்ட் சில் கணக்கு 10 டிகிரியும் அதுக்குக் கீழயும் இருந்தாத்தான் செல்லும், பொள்ளாச்சிக் காத்துக்கு அதைப் போடாதீங்க.

கடைசியா, நெத்திக்கு நேரா காட்டற தெர்மாமீட்டர் கன்னை நம்பி ஆளை விட்டுராதீங்க. அது தோலைத்தான் பாக்குது, வேர்வையில தோல் குளுந்திருக்கறப்ப உள்ள 40 தாண்டியிருக்கலாம். பேச்சு குளறுச்சுன்னா, நடை தள்ளாடுச்சுன்னா அளந்துட்டு நிக்காம நிழலுக்குக் கொண்டு போயி உடம்பு பூரா தண்ணி ஊத்தி ஃபேனைப் போட்டுட்டு 108க்கு அடிங்க, நினைவு தெளிவா இல்லாதப்ப வாயில மட்டும் தண்ணி ஊத்தாதீங்க.