பதில் தாமதிக்கும் காலத்தில் ஜெபிப்பது எப்படி?

ஒரு காரியத்துக்காக நெடுநாள் ஜெபித்தும் பதில் காணாத விசுவாசிக்கு இரண்டு சோதனைகள் நேரிடுகின்றன. ஒன்று, ஜெபத்தையே விட்டுவிடுவது. மற்றொன்று, பழக்கத்தின் பேரில் வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே எதிர்பார்ப்பை மட்டும் கைவிட்டுவிடுவது. இரண்டாவது வெளியே தெரிவதில்லை என்பதால், அதுவே அதிக ஆபத்தானது என்று நினைக்கிறேன். "காலையிலே உமக்கு நேரே வந்து ஆயத்தமாகி, காத்திருப்பேன்" என்று தாவீது ஐந்தாம் சங்கீதத்தில் சொல்லும்போது, ஜெபிப்பதும் காத்திருப்பதும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. அந்த நிலைக்கு நம்மைப் பழக்கிக்கொள்வது எப்படி என்பதையே இங்கே பார்க்கிறோம்.

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தானியேல் தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டு ஜெபித்தார். அதைத் தடைசெய்யும் கட்டளையில் கையெழுத்து வைக்கப்பட்டதை அறிந்த பின்பும் "முன் செய்துவந்தபடியே" செய்தார் என்று வேதம் சொல்லுகிறது. நெருக்கடி வந்தபோது அவர் புதிதாக எதையும் தொடங்க வேண்டியிருக்கவில்லை. காலையோ இரவோ, உங்களால் தவறாமல் காக்கக்கூடிய சிறிய வேளை ஒன்றே போதும்.

அடுத்து, நீங்கள் கேட்பது என்னவென்று ஒரே வாக்கியத்தில் எழுதி, அருகில் தேதியையும் குறித்துவையுங்கள். "என் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று பொதுவாகக் கேட்டால், பதில் வந்தாலும் அதை அடையாளம் கண்டுகொள்வது கடினம். எழுதியதை வேதத்தின் வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். பிறரைத் தாழ்த்துவதற்காகவோ வெறும் பெருமைக்காகவோ கேட்கிறோம் என்று தெரிந்தால் அதைத் திருத்தி எழுதுவதில் வெட்கப்பட வேண்டியதில்லை. "உங்கள் இச்சைகளை நிறைவேற்றும்படி செலவழிக்கவேண்டுமென்று தகாதவிதமாய் விண்ணப்பம்பண்ணுகிறபடியினால்" பெற்றுக்கொள்ளாமலிருக்கிறீர்கள் என்று யாக்கோபு எச்சரித்தது விசுவாசிகளையே.

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது என்பதே பலரைத் திணறடிக்கும் கேள்வி. இதற்கு, பெர்சிய ராஜாவின் அரண்மனையில் பானபாத்திரக்காரராயிருந்த யூதராகிய நெகேமியாவைவிடத் தெளிவான முன்மாதிரியை நான் அறியேன். எருசலேமின் அலங்கம், அதாவது நகரத்து மதில், இடிந்துகிடக்கிற செய்தியை அவர் எபிரெய நாட்காட்டியின் கிஸ்லேயு மாதத்தில், அந்த அரண்மனை இருந்த சூசானில் கேட்டார். ராஜாவிடம் அதைப்பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தது நிசான் மாதத்தில். இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதங்களும் அவர் தம்முடைய பானபாத்திரக்கார வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார். ஆனாலும், ராஜாவாகிய அர்தசஷ்டா "நீ கேட்கிற காரியம் என்ன" என்று வினவியபோது, அவர் அந்தக் கணமே பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, எவ்வளவு காலம் தேவை, எந்த அதிபதிகளுக்குக் கடிதங்கள் வேண்டும், மரங்களை யாரிடத்தில் பெற வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச்சொல்ல முடிந்தது. ஜெபித்த மாதங்களில் அவர் சிந்திக்கவும் செய்திருக்கிறார் என்பது அந்தப் பதிலிலேயே விளங்குகிறது. ஆகவே வேலைக்காக ஜெபிக்கிறவர் விண்ணப்பங்களை அனுப்பட்டும். சுகத்துக்காக ஜெபிக்கிறவர் மருத்துவரைப் பார்த்து மருந்தை ஒழுங்காக உட்கொள்ளட்டும். உடைந்த உறவுக்காக ஜெபிக்கிறவர் தம் பக்கத்துக் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கட்டும். இவை அவிசுவாசத்தின் அடையாளங்கள் என்று யாராவது சொன்னால், அதற்குச் செவிகொடுக்க வேண்டாம்.

முயற்சி வேறு, குறுக்குவழி வேறு. உன்னைப் பெரிய ஜாதியாக்குவேன் என்ற தேவனுடைய வாக்கை நம்பி ஆபிரகாம் ஆரான் என்னும் ஊரை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. வாக்குப்பண்ணப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில், 86ஆம் வயதில், ஆகார் மூலமாக இஸ்மவேல் பிறந்தான். அந்த அவசரத்தின் வேதனையை அந்த வீட்டில் எல்லாரும் சுமந்தார்கள், எல்லாரையும்விட அதிகமாக அடிமைப்பெண்ணாகிய ஆகார் சுமந்தாள். ஒரு வழி உங்கள் முன் திறக்கும்போது, அதில் நடக்க நான் பொய் சொல்ல வேண்டுமா, வேறொருவரைப் பகடைக்காயாக்க வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், அந்த வழியை விட்டுவிட்டு இன்னும் காத்திருங்கள்.

மனம் உடைந்துபோகும் நாட்களில் பக்தியான வார்த்தைகளைத் தேடி அலைய வேண்டாம். பதின்மூன்றாம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் மட்டும் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை எழுகிறது. தேவன் அந்தக் கேள்வியைக் கடிந்துகொள்ளவில்லை, தம்முடைய ஜனங்களின் பாட்டுப்புத்தகத்திலேயே அதற்கு இடங்கொடுத்தார். பிள்ளையில்லாதிருந்த அன்னாளும் ஒரு மகனைக் கேட்டு, மனங்கசந்து மிகவும் அழுதாள். அவள் எழுந்துபோனபோது முகம் துக்கமாயிருக்கவில்லை என்று வாசிக்கிறோம்; அப்பொழுது அவள் கேட்ட மகன் சாமுவேல் இன்னும் கருவில்கூட உருவாகவில்லை. சொந்தச் சொற்கள் வராதபோது அந்தச் சங்கீதத்தை உரக்க வாசியுங்கள். அதுவும் முடியாவிட்டால், நம்பிக்கைக்குரிய ஒருவரை அழைத்து, உங்களுக்காக அவரை ஜெபிக்கச் சொல்லுங்கள்; யுத்தம் நடக்கையில் உயர்த்தியிருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊர் என்பவரும் அவற்றைத் தாங்கிப்பிடித்தார்கள்.

சில ஜெபங்களுக்கு, கேட்டபடி பதில் வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். தம் மாம்சத்திலிருந்த முள் நீங்க வேண்டுமென்று பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தை கிடைத்தது. பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவராகிய இயேசுவே மூன்று முறை ஜெபித்தார். எனவே பதில் கிடைக்காத ஒருவரைப் பார்த்து, உமக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒருபோதும் சொல்லாதிருங்கள். அவரோடு உட்கார்ந்து ஜெபியுங்கள்.

எழுதிவைத்த தாளை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பதில் வந்திருந்தால் அந்தத் தேதியையும் எழுதி, உங்களோடு ஜெபித்தவர்களுக்கு உடனே தெரிவித்து, சேர்ந்து நன்றி செலுத்துங்கள். வராதிருந்தால் அதே வாக்கியத்தை, அல்லது இப்பொழுது தெளிவாகியிருக்கிற புதிய வாக்கியத்தை, அன்றைய தேதியிட்டு மறுபடியும் எழுதி, மறுநாள் அதே வேளையில் ஜெபத்தைத் தொடருங்கள்.